முதன்முறை ஹேக்கத்தானுக்குப் போகிறேன், நான்கு நாளில் எதையாவது செய்து முடிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் நிரல் எழுதக் கற்று இரண்டு ஆண்டு ஆகிறதாம். பலர் ஒன்றுகூடிக் குறுகிய காலத்தில் நிரல் எழுதும் நிகழ்வுதான் ஹேக்கத்தான். ஆண்டுதோறும் நடக்கும், உரைகளும் உள்ள நான்கு நாள் ஹேக்கத்தான் ஒன்றுக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது. அங்கே வருகிறவர்களில் ஒருவரையும் தெரியாது. "இவ்வளவு குறைந்த அனுபவத்தோடு போனால் எதையாவது செய்து முடிக்க முடியுமா? முடியாதென்றால் போய் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறார். செய்து முடிப்பதைப் பற்றித்தான் வெளிப்படையாகக் கேட்கிறார். ஆனால் கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, பெரிய ஆட்களின் நேரத்தை வீணடித்துவிடுவோமோ என்ற தயக்கமும் அதில் இருப்பது தெரிந்தது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

என் அனுபவம் எதில் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) கூடல்களில் நிரலாளராகவும், பிறகு புதியவர்களுக்கு மென்டாராகவும் இருந்து வருகிறேன். பரிசுத் தொகை வைத்து நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்ததில்லை. அதனால் போட்டியில் ஜெயிப்பது எப்படி என்று கேட்டால் என் பதிலை அவ்வளவாக நம்ப வேண்டாம். கூடி வேலை செய்யும் நிகழ்வுகளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஹேக்கத்தான் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 1999 ஜூன் மாதம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு வேறு கூட்டங்கள் அந்தப் பெயரில் நடந்தன. கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் 10 பேர் கூடினார்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப அப்போது கடுமையான சட்டக் கட்டுப்பாடுகள் இருந்தன. அந்தச் சிக்கல் இல்லாத நாட்டில் ஒன்றாக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்பது அவர்கள் நோக்கம். பரிசு, மேடை, நடுவர் எதுவும் கிடையாது. அதே மாதம் 15 முதல் 19 வரை நடந்த ஜாவாஒன் மாநாட்டில், ஜாவா நிரல்மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜான் கேஜ் வந்தவர்களுக்கு ஒரு சவால் விட்டார். அப்போது புதிதாக வந்திருந்த பாம் ஃபைவ் கையடக்கக் கருவிக்கு ஜாவாவில் ஒரு நிரல் எழுத வேண்டும். அது அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பக்கத்திலிருக்கும் பாம் கருவிகளோடு பேச வேண்டும். இன்றைய ஹேக்கத்தான்களெல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டு வழிகளில் ஒன்றைச் சேர்ந்தவைதான். ஒன்று பட்டறை, மற்றது போட்டி.

போட்டி வழியில் வருபவை பெரும்பாலும் 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று கெடு வைத்து நடப்பவை. இந்திய அரசு 2017இலிருந்து நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் இறுதிச்சுற்று 36 மணி நேரம். நாசா 2012இலிருந்து ஆண்டுதோறும் நடத்தும் ஸ்பேஸ் ஆப்ஸ் சேலஞ்சும் இந்த வகைதான். இவற்றில் கடைசி மணி அடிக்கும்போது கையில் ஏதாவது இருந்தாக வேண்டும்.

பட்டறை வழியில் வருபவை வேறு. டெபியன் இயங்குதளக்காரர்களின் டெப்கான்ஃப் 2000இல் பிரான்சின் போர்தோவில் தொடங்கியது. 2023இல் கொச்சியில் நடந்தது. உரைகள் தொடங்குவதற்கு முன்பே டெப்கேம்ப் என்ற பெயரில் சில நாட்களை வேலைக்கென்றே ஒதுக்கிவிடுவார்கள். பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் அமெரிக்காவில் கூடும் பைகானில் இது தலைகீழ்: மாநாடு முடிந்தபிறகு ஸ்பிரின்ட் என்று சில நாட்கள் தங்கி நிரல் எழுதுவார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் ஹேக்கத்தான் 2023இல் ஏதென்சிலும், 2024இல் டாலினிலும், 2025இல் இஸ்தான்புல்லிலும் நடந்தது. உரைகளும் வேலையும் ஒரே கூரையின் கீழ் கலந்தே நடக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஊர் மாறும், வருகிற முகங்களில் பாதி மாறாது. உங்களுடையது ஆண்டுதோறும் நடக்கிறது, நான்கு நாள், உரைகளும் உண்டு என்பதைப் பார்த்தால் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். அறிவிப்புப் பக்கத்தில் நடுவர்கள் பட்டியல் இருக்கிறதா, வேலைப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பட்டறை வகை என்றால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நான்கு நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். ஹேக்கத்தானில் பிறந்து உலகமெங்கும் போன மென்பொருள் என்று எல்லோரும் குரூப்மீயைக் காட்டுவார்கள். 2010இல் டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் ஹேக்கத்தானில் தொடங்கிய அதை மறு ஆண்டே ஸ்கைப் வாங்கிவிட்டது. அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்பது புரியும். ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒரு மென்பொருளில் ஒரு சிறு இடத்தைச் சரிசெய்யப் போகிறவருக்கு நிலைமை வேறு. வேலை பாதியில் நின்றாலும் அந்த மென்பொருளும் அதைப் பராமரிப்பவர்களும் அடுத்த வாரமும் இருப்பார்கள். அடுத்த ஆண்டு அதே கூடல் வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆண்டுதோறும் நடப்பதன் பெரிய நன்மை இதுதான்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பாரமாகிவிடுவோமோ என்ற தயக்கத்துக்கு, நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தேடுபொறி நிரல் ஒன்றில் ஒரு வழு (நிரல் பிழை) பல மாதங்களாகத் திறந்தே கிடந்தது. தமிழில் 'கொடி' என்று தேடினால் சில பக்கங்கள் கிடைக்கின்றன, சில கிடைப்பதில்லை என்பது புகார். புகார் கொடுத்தவர் இரண்டு திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) இணைத்திருந்தார். பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்கு இரண்டு படமும் ஒன்றுபோலவே இருந்தன. உண்மையில் தமிழ் தெரிந்தவர் கண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும்! அதனால் யாரும் அதைத் தொடவில்லை.

ஹேக்கத்தானின் இரண்டாம் நாள், நிரல் எழுதக் கற்று அதிக நாள் ஆகாத ஒரு பெண் அந்தப் பராமரிப்பாளரின் மேசைக்குப் போனார். தயங்கித் தயங்கித்தான் போனார். கிடைத்த பக்கத்திலிருந்து ஒரு 'கொடி', கிடைக்காத பக்கத்திலிருந்து ஒரு 'கொடி', இரண்டையும் வெட்டி எடுத்துப் பைத்தானில் ஒட்டி நீளம் கேட்டார். ஒன்றுக்கு 4 என்று வந்தது, மற்றதற்கு 5. காரணம் இதுதான்: எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 'ொ' என்ற குறியை ஒரே குறியீட்டாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. எந்தத் தட்டச்சுக் கருவியில் அடித்தோம் என்பதைப் பொறுத்து இதுவோ அதுவோ சேமிக்கப்படும். நிரலோ எண்ணை எண்ணோடு ஒப்பிடுகிறது, ஆகவே இரண்டும் வேறு சொல் என்று நினைத்துக்கொள்கிறது. பராமரிப்பாளர் உடனே கேட்டார்: "வேறு எந்தெந்தக் குறிகளுக்கு இப்படி?" அந்தப் பெண் 'ோ', 'ௌ' இரண்டையும் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது பராமரிப்பாளருக்கு நன்கு தெரிந்த பகுதி. பக்கங்களைத் தேடுபொறியின் அட்டவணையில் ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற படியைச் சேர்க்க வேண்டும். அதற்கான செயற்கூறு பெரும்பாலான நிரல்மொழிகளில் தயாராகவே இருக்கிறது. மாற்றம் சில வரிதான். மாதக்கணக்கில் நின்ற வழு, ஒரு மேசையில் இரண்டு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது.

அன்றைக்கே அது முடிந்துவிட்டதா என்றால் இல்லை. ஏற்கெனவே ஏற்றிவைத்த பக்கங்களையெல்லாம் மறுபடி அட்டவணையிட வேண்டியிருந்ததால், அந்த பேட்ச் (நிரல் திருத்தம்) உள்ளே போகப் பின்னும் சில மாதங்கள் ஆயின. நான்காம் நாள் மேடையில் காட்ட அந்தப் பெண்ணிடம் அந்த 4, 5 மட்டும்தான் இருந்தது. அந்த அரங்கில் அதற்குக் கிடைத்த கைதட்டல் குறைவானதல்ல. நிரல் எழுதுவதில் அவரைவிட அனுபவசாலிகள் அந்த அறை முழுக்க இருந்தார்கள். ஆனால் அந்த வழுவைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவு அவரிடம்தான் இருந்தது. உங்களிடமும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். உங்கள் மொழி, நீங்கள் தினமும் பயன்படுத்தி எரிச்சலாகும் ஒரு திரை, பழைய கைபேசியில் மட்டும் உடைந்து தெரியும் ஒரு பக்கம், இப்படி. அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி தயாரிப்பு. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். புதியவர்களின் முதல் நாள் முழுவதும் போவது நிரல் எழுதுவதில் இல்லை, நிரலை ஓடவைப்பதில். பெரிய திட்டங்களைச் சொந்தக் கணினியில் ஓட்ட டாக்கர் பிம்பங்கள் (நிரல் ஓடத் தேவையானவற்றைக் கட்டிவைத்த பொதிகள்), சார்பு நூலகங்கள், சோதனைத் தரவு என்று பல ஜிபி இறக்க வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் அதை இறக்கினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே போகும் முன்பே வீட்டில் எல்லாவற்றையும் நிறுவி, ஒரு முறை ஓடவைத்துப் பாருங்கள். திட்டத்தின் நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தில் கணக்குத் தொடங்குவது, கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவியைப் பதிவது, இரட்டைச் சரிபார்ப்பைச் சரிசெய்வது எல்லாம் முன்பே முடியட்டும். பலரும் பழகிய களஞ்சியத் தளமான கிட்ஹப் சில திட்டங்களில் கிடையாது. விக்கிமீடியாவின் மைய நிரலுக்கு கெரிட் என்ற தளத்தில்தான் பேட்ச் அனுப்ப வேண்டும், அதன் முறை வேறு. இதைப் பழக ஒரு நல்ல வழி, ஆவணத்தில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பிப் பார்ப்பது. சின்ன வேலைதான். ஆனால் உங்கள் கணினியிலிருந்து கிளம்பிய ஒரு வரி, ரிவ்யூ (மற்றவர் படித்துச் சரிபார்ப்பது), தானியங்கிச் சோதனை எல்லாம் தாண்டி உள்ளே போய்ச் சேரும் முழுப் பாதையையும் நீங்கள் ஒரு முறை பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் முதல் நாள் காலையிலேயே உண்மையான வேலையைத் தொடங்கிவிடுவார். நிறுவும்போது எங்கெங்கே தடுமாறினீர்கள் என்று குறித்தும் வையுங்கள். பழையவர்களுக்கு அந்தத் தடங்கல்கள் மறந்தே போயிருக்கும். அந்தக் குறிப்பைப் புகுமுக ஆவணத்தில் சேர்த்தால் அதுவே ஒரு நல்ல பங்களிப்பு.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, புதியவர்களுக்கு ஏற்றது என்று குறியிட்ட டிக்கெட்டுகளிலிருந்து (வழு அல்லது வேலையைப் பற்றிய பதிவுகள்) இரண்டு மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அதை வேறொருவர் முடித்திருக்கலாம், அல்லது பார்ப்பதற்குச் சிறிதாக இருந்து உள்ளே பெரிதாக இருக்கலாம். அரை நாள் வேலை என்று உங்களுக்குத் தோன்றுவது நான்கு நாளுக்குச் சரியாக இருக்கும். அப்புறம், அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் கூடலுக்கு வருகிறாரா என்று கலந்துகொள்கிறவர்கள் பட்டியலில் பாருங்கள். வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: "இந்த டிக்கெட்டைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், அங்கே உங்களோடு கால் மணி நேரம் பேச முடியுமா?" பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்காகவோ ஆர்வத்துக்காகவோ தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். ஒருவர் தேடி வந்து தங்கள் நிரலைப் பற்றிக் கேட்பது அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

அங்கே போனபின் யாரிடம் எப்படிப் பேசுவது என்பது உங்கள் பெரிய கவலையாக இருக்கலாம். பெரும்பாலான பட்டறைகளில் முதல் நாள் ஒவ்வொருவரும் தாங்கள் செய்ய நினைப்பதை ஒரு நிமிடத்தில் சொல்லும் நேரம் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். உரை கேட்க நேரம் குறைவு என்றால் பெரிய உரைகளை விட்டுவிடலாம், அவை பதிவாகி இணையத்தில் வந்துவிடும். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பொருளைப் பேசும் அமர்வுகள் பதிவாவது குறைவு, அவற்றுக்குப் போங்கள். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள், அதற்கு மேல் தனியாகப் போராட வேண்டாம். கேட்கும்போது என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். பிழைச் செய்தியை முழுசாகக் காட்டுங்கள். பேச்சு வராதவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வழி தன்னார்வலராகச் சேர்வது. 1984இல் ஹம்பர்க்கில் தொடங்கிய ஹேக்கர் மாநாடான கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் இன்றும் பெருமளவு தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. அங்கே அவர்களுக்கு 'ஏஞ்சல்' என்று பெயர். பதிவு மேசையில் இரண்டு மணி நேரம் நின்றால் வருகிற எல்லோர் முகமும் உங்களுக்குப் பழகிவிடும், உங்கள் முகம் அவர்களுக்கும்.

தூங்குங்கள். விடிய விடிய எழுதுவதுதான் ஹேக்கத்தான் என்ற எண்ணம் போட்டி வழியில் வந்தது. தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவர்களின் செயல்திறன், சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுவதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் எழுதிய நிரலை மறுநாள் காலை நீங்களே அழிப்பீர்கள்.

இதுவரை சொன்னவை உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனிச் சொல்பவை அப்படி இல்லை. இதனால் வேலை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது அந்த நான்கு நாளா, அதற்குப் பிறகு ஓராண்டு அவர்கள் தொடர்ந்து அனுப்பிய பேட்சுகளா என்றால், பின்னதுதான் என்பது என் ஊகம். கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டும் வைத்து ஒருவரை எடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. குழுவாகச் செய்வதா தனியாகச் செய்வதா என்பதிலும் பொதுவான பதில் கிடையாது. முதன்முறை என்றால் இருவராக உட்காருவதை நான் விரும்புவேன், அவ்வளவுதான். ஏஐ கருவிகளைக் கொண்டு நிரல் எழுதலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024இல் அப்படி எழுதிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. வேறு பல திட்டங்கள் அனுமதிக்கின்றன. விதியைப் படித்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் விளக்க முடியாத பேட்சை அனுப்ப வேண்டாம். அதைப் படிக்கச் செலவாகும் நேரம் பராமரிப்பாளருடையது. பாரமாகிவிடுவோமோ என்று கவலைப்பட்டீர்களே, உண்மையில் பாரமாவது இந்த ஒரு இடத்தில்தான்.

பதிவு செய்யும்போது ஏற்கும் நிபந்தனைகளையும் படியுங்கள். கட்டற்ற மென்பொருள் கூடல்களில் நீங்கள் எழுதுவது அந்தத் திட்டத்தின் உரிமத்தின் கீழ் போகும், அதில் மறைபொருள் எதுவும் இல்லை. போட்டி என்றால், எழுதிய நிரலின் உரிமை யாருக்கு, நடத்துகிறவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். நீங்கள் எங்காவது வேலையில் இருந்தால் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வெளியே எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. நடத்தை விதிமுறைகளும், ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரமும் நிகழ்வின் பக்கத்தில் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். பயணச் செலவு தடையாக இருந்தால் டெப்கான்ஃப், விக்கிமீடியா போன்றவை உதவித்தொகை தருகின்றன. ஆனால் அதற்கான விண்ணப்பம் நிகழ்வுக்குப் பல மாதம் முன்பே மூடிவிடும், இந்த ஆண்டு தவறியிருந்தால் அடுத்த ஆண்டுக்குக் குறித்து வையுங்கள்.

கடைசி நாள் மாலை செயல்விளக்கம் இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் தர மாட்டார்கள். நேரடியாக ஓட்டிக் காட்டுவதை முன்கூட்டியே திரைப்பதிவாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரம் பார்த்து வைஃபை போகும். முடிந்ததைக் காட்டுங்கள், முடியாததையும் சொல்லுங்கள். "இந்த இடத்தில் நிற்கிறது, உதவி வேண்டும்" என்று சொன்னவரை மேடையிலிருந்து இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய முதல் வாரம் முக்கியம். அந்த வாரத்திலேயே டிக்கெட்டில் இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுங்கள். நீங்கள் தொடராவிட்டாலும் இன்னொருவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து உதவியவருக்கு ஒரு வரி நன்றியும், ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் பேட்சின் இணைப்பும் அனுப்புங்கள். அவர் உங்களை மறந்திருக்க மாட்டார். பதில் வர மூன்று வாரம் ஆனால் ஒரு முறை நினைவூட்டலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.